சர்ச் மேடை வரைக்கும் கிடார்... அதற்குப் பிறகு? ராமேஸ்வரம் கரையில் ஒரு பெண் ராக் வாசிக்க ஆசைப்பட்டால்!

ஞாயிற்றுக்கிழமை காலைத் திருப்பலி. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துத் தேவாலயங்களில் பீடத்துக்குப் பக்கவாட்டில் பாடகர் குழு நிற்கும். கீபோர்டு, தபேலா, சில இடங்களில் ஒரு கிடார். அந்தக் கிடாரைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வாசித்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது, "நல்லா வாசிச்சியே தாயி" என்று ஒரு பாட்டி கன்னத்தைத் தொட்டுவிட்டுக்கூடப் போவார்.

அதே பெண், அதே கிடாரோடு, ஊர்த் திருவிழா மேடையில் இரவு 9 மணிக்கு ஏறினால்? அதுவும் பக்திப் பாட்டு இல்லாமல், ஆம்ப்ளிஃபயரில் கிடாரைச் செருகி, டிரம்ஸ் அதிர, ராக் வாசித்தால்?

காலையில் கன்னத்தைத் தொட்ட அதே பாட்டி, இப்போது அவளுடைய அம்மாவைத் தேடிப் போவார். "வயசுப் புள்ளைய இப்படியா விடுவ?" என்று கேட்பார். கிடார் மாறவில்லை, வாசிக்கும் விரல்களும் மாறவில்லை. மாறியதெல்லாம் இடமும் நேரமும்தான்.

இந்தக் கரையில் இசை தெரிந்த பெண்களுக்குப் பஞ்சம் இல்லை. 14 வயதில் கிடாரைத் தூக்கிய பெண், 24 வயதிலும் அதைத் தூக்குகிறாளா என்பதுதான் கேள்வி. நடுவில் இருக்கும் அந்தப் 10 வருடங்களில் என்ன நடக்கிறது?

சாமிக்கு என்றால் சரி!

கத்தோலிக்கத் திருச்சபையில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, அந்தந்த ஊர் மொழியில் திருப்பலி நடத்தும் வழக்கம் வந்தது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. கூடவே உள்ளூர் இசையும், கையில் கிடைத்த வாத்தியங்களும் உள்ளே வந்தன. கடற்கரைக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் பலருக்கு மேடையும் மைக்கும் முதன்முதலில் அறிமுகமாவது இங்கேதான்.

ராக் இசையின் கதையும் ஒரு சர்ச்சில் கிடார் வாசித்த ஒரு சிறுமியிடம்தான் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாகாணத்தில் 1915-ல் பிறந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த தன் அம்மாவோடு சேர்ந்து சிறு வயதிலேயே கிடார் வாசித்தார். பிறகு எலெக்ட்ரிக் கிடாரைக் கையில் எடுத்தார். பக்திப் பாட்டை அதே வேகத்தோடு இரவு விடுதிகளுக்கும் கொண்டுபோனார். சர்ச்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. எல்விஸ் பிரெஸ்லி, சக் பெரி என்று நாம் கேள்விப்படும் ராக் அன் ரோல் நாயகர்களுக்கெல்லாம் முன்னோடி இவர்.

1964 மே மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷனில் தொலைக்காட்சிக்காக ஒரு நிகழ்ச்சி. ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், எதிர் பிளாட்பாரத்தில் கலைஞர்கள். மழை கொட்டுகிறது. 49 வயது ரோசெட்டா, கோட்டைப் போட்டுக்கொண்டு, எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு ஈரப் பிளாட்பாரத்தில் நின்று வாசிக்கிறார். அந்த வீடியோ இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கிறது. பார்க்காதவர்கள் ஒரு முறை பார்க்கலாம்.

அதே 1964 டிசம்பரில்தான் நம் தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் புயல் கொண்டுபோனது. ஒரு ஸ்டேஷனில் பாட்டு, இன்னொரு ஸ்டேஷனில் பேரழிவு. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால், கைவிடப்பட்ட ஸ்டேஷனில் கிடார் வாசிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பார்க்கும் ராமேஸ்வரத்துக்காரர் யாருக்கும் தனுஷ்கோடி நினைவுக்கு வராமல் இருக்காது.

ரோசெட்டா 1973-ல் இறந்தார். ராக் அன் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது 2018-ல். இடையில் 45 வருடங்கள்!

அந்தக் கரையிலிருந்து வந்த சத்தம்

'கிடார் எல்லாம் நம்ம ஊருக்கு ஆகாத மேல்நாட்டுச் சமாசாரம்' என்று சொல்பவர்கள், வீட்டில் இருக்கும் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் அது. ராமநாதபுரம் கடற்கரையில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது. அந்த வானொலி வழியாக இந்தக் கரைக்கு வந்ததுதான் இலங்கைத் தமிழ் 'பொப்' இசை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் கிடாரின் தாளக்கட்டில் நடக்கும் பாட்டுகள். போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து இலங்கையில் ஊறிப்போன பைலா இசையின் துள்ளல் அவற்றில் இருந்தது. 'சிலோன் மனோகர்' என்று தமிழ்நாடு கொண்டாடியது அந்த மனோகரனைத்தான்.

ஆக, இந்தக் கரைக்குக் கிடார் புதுசு இல்லை. கிடாரோடு பெண்தான் புதுசு.

தமிழ் சினிமாவும் இந்தப் படத்தை மாற்ற அவசரப்படவில்லை. 'வாரணம் ஆயிரம்' (2008) படத்தில் ரயிலில் சூர்யா கிடார் வாசித்துப் பாடுவார், எதிரில் சமீரா ரெட்டி கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் படம் பார்த்துவிட்டுக் கிடார் வாங்கிய பையன்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவன் வாசிப்பான், அவள் கேட்பாள். இந்த ஏற்பாடு நம் மனசில் அப்படியே படிந்துவிட்டது. அவள் வாசித்து அவன் கேட்கும் காட்சி எத்தனை படங்களில் வந்திருக்கிறது என்று யோசித்தால், விரல் விட்டு எண்ணுவதற்குள் நின்றுவிடும்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஜோன் ஜெட், 'ஐ லவ் ராக் அன் ரோல்' பாட்டால் உலகம் முழுக்கத் தெரிந்தவர். சின்ன வயதில் கிடார் வாத்தியாரிடம் போய் ராக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது, பெண்கள் ராக் வாசிப்பதில்லை என்று சொல்லி ஒரு நாட்டுப்புறப் பாட்டைக் கற்றுக்கொடுத்தாராம் அவர். ஜெட் அதோடு அந்த வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தானே கற்றுக்கொண்டார். 2003-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை உலகின் தலைசிறந்த 100 கிடார் கலைஞர்களைப் பட்டியல் போட்டது. அதில் பெண்கள் 2 பேர்தான். ஒருவர் ஜோனி மிட்செல், இன்னொருவர் ஜோன் ஜெட்!

உப்புக் காற்றும் ஆறு கம்பிகளும்

ராமேஸ்வரம் தீவில் கிடார் வைத்திருப்பது, குழந்தை வளர்ப்பது மாதிரி.

சாதாரண அக்கூஸ்டிக் கிடாரில் 6 கம்பிகள். கீழே இருக்கும் 2 மெல்லிய கம்பிகள் வெறும் எஃகு. மற்ற 4 கம்பிகளில் எஃகின் மேல் வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். கடற்காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் இவற்றைச் சும்மா விடாது. உள்ளூரில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் கம்பி, கரையோரத்தில் சீக்கிரமே பழுப்பேறி, தொட்டால் சொரசொரக்கும். மரமும் ஈரத்தை இழுத்து உப்பும், வெயிலில் சுருங்கும். கழுத்துப் பகுதி லேசாக வளைந்தாலே ஸ்ருதி நிற்காது. அதனால் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். உறையில் போட்டு மூட வேண்டும். புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அந்த உறைக்குள் போட்டு வைக்க வேண்டும். ஒரு கம்பி அறுந்தால், ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போகும் ஆளிடம் சொல்லி வாங்கிவரச் சொல்ல வேண்டும். இப்போது ஆன்லைன் வந்துவிட்டதால் அந்தக் கவலை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இவை எல்லாம் பையன்களுக்கும் உண்டு. பெண்ணுக்கு இதற்கு மேலும் ஒரு பட்டியல் இருக்கிறது.

முதலில் நகம். இடக்கை நகத்தை ஒட்ட வெட்டினால்தான் கம்பியை அழுத்த முடியும். "கல்யாணத்துக்குப் போறோம், நகம் வளர்த்து மருதாணி வச்சாத்தான் என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். அடுத்து வளையல். மரத்தில் இடித்துச் சத்தம் போடும். துப்பட்டா கம்பியில் மாட்டும். பெரிய அக்கூஸ்டிக் கிடாரின் உடல், அகலத் தோள் கொண்டவர்களை மனதில் வைத்துச் செய்தது போலவே இருக்கும். எலெக்ட்ரிக் கிடார்களில் சில 4 கிலோ வரை எடை. செயின்ட் வின்சென்ட் என்ற பெயரில் பாடும் அமெரிக்க ராக் கலைஞர் ஆனி கிளார்க், பெண்ணின் உடலுக்கும் வசதியாக, இடுப்பு ஒடுங்கிய எடை குறைந்த கிடார் ஒன்றை 2016-ல் வடிவமைத்தார். எலெக்ட்ரிக் கிடார் வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இப்படி ஒரு யோசனைக்கு நேரம் வந்திருக்கிறது!

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படுவது விரல். புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் சில வாரங்கள் விரல் நுனி எரியும், கன்றிப்போகும். ஆள்காட்டி விரலால் 6 கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் 'எஃப்' கார்டு வரும்போது, பாதிப் பேர் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். தாண்டி வந்தால் விரல் நுனியில் தோல் தடித்துக் காய்த்துவிடும். பிறகு வலிக்காது. "பொம்பளப் புள்ள கை இப்படிக் காய்ச்சுப் போச்சே, நாளைக்குப் பார்க்க வர்றவங்க என்ன சொல்வாங்க?" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.

இந்தக் கேள்வியை இந்தக் கரையில் கேட்பதுதான் வேடிக்கை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள், பாறையில் கிழிபடாமல் இருக்க விரல் விரலாகத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் மூழ்குகிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, மறுபடி மறுபடி. அந்தப் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி, பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காக 2015-ல் சர்வதேச அளவிலான 'சீகாலஜி' விருதைப் பெற்றார். கருவாடு காயப்போடுவதும், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதும் இங்கே பெண்களின் வேலைதான். காய்த்துப்போன கைகளால்தான் இந்தக் கடற்கரையில் பல வீடுகளின் அடுப்பு எரிகிறது. பிழைப்புக்காகக் காய்த்தால் பேசாத ஊர், பிடித்ததைச் செய்து காய்த்தால் மட்டும் ஏன் பேசுகிறது?

ஸ்ரீநகரில் மூன்று பெண்கள்

இந்தியாவில் பெண்களும் ராக் இசையும் என்று பேச்செடுத்தால் தவிர்க்க முடியாத ஒரு பெயர், 'பிரகாஷ்'. இது ஆளின் பெயர் இல்லை. காஷ்மீரின் முதல் பெண்கள் ராக் குழுவின் பெயர். வெளிச்சம் என்று அர்த்தம்.

கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் என்று பத்தாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் சேர்ந்த குழு அது. 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த 'பேட்டில் ஆஃப் தி பேண்ட்ஸ்' போட்டியில் மேடை ஏறினார்கள். சிறந்த நிகழ்ச்சிக்கான பரிசும் வாங்கினார்கள். அதுவே அவர்களின் முதல் பொது மேடை. கடைசி மேடையாகவும் ஆனது.

ஃபேஸ்புக்கில் வசைகள் வந்தன. மிரட்டல்கள் வந்தன. 2013 பிப்ரவரியில் காஷ்மீரின் தலைமை முஃப்தி அவர்கள் பாடுவதைக் கண்டித்தார். அப்போதைய முதல்வர் ஒமர் அப்துல்லா அந்தப் பெண்களுக்கு ஆதரவாகப் பேசினார். போலீஸ் வழக்குப் பதிந்தது, மிரட்டியவர்களில் சிலர் கைதானார்கள். ஆனால், அதற்குள் அந்தப் பெண்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அவர்களின் பெயர்கள் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. விலகிப் போனவர்களின் பெயர்களை இங்கே மறுபடி எழுத வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசு பக்கம் நின்றது, சட்டம் பக்கம் நின்றது, நாடு முழுக்க ஊடகங்கள் பக்கம் நின்றன. இருந்தும் அவர்களால் தொடர முடியவில்லை. தெருவும் உறவும் பக்கம் நிற்காதபோது, டெல்லியில் இருந்து வரும் ஆதரவு 15 வயதுப் பெண்ணின் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

இதைப் படித்துவிட்டு 'அது அந்த மதத்துப் பிரச்னை' என்று யாராவது பக்கத்தைத் தள்ளிவிட்டால், அது தப்புக் கணக்கு. ராமநாதபுரம் கரையில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய வீடுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் ஆலயத் திருவிழாவுக்கு மூன்று மதத்தவரும் வருகிறார்கள். பெண் பிள்ளை இரவு மேடையில் நிற்பதைப் பற்றிய பயத்திலும் மூன்று வீடுகளும் ஒற்றுமைதான்.

இரைச்சல் என்றே பெயர் வைத்தவர்கள்

ஸ்ரீநகர் கதைக்கு நேர் எதிராக இந்தோனேசியாவில் ஒரு கதை நடந்திருக்கிறது.

மேற்கு ஜாவாவின் காருட் மாவட்டத்து கிராமம் ஒன்றில், எளிய விவசாயக் குடும்பங்களில் பிறந்த மூன்று பெண்கள். இஸ்லாமியப் பள்ளியில் படித்தவர்கள். 2014-ல், 14 வயதையொட்டி, 'வாய்ஸ் ஆஃப் பேஸ்ப்ரோட்' என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய சுண்டா மொழியில் பேஸ்ப்ரோட் என்றால் இரைச்சல். மார்ஸ்யா கிடார் வாசித்துப் பாடுகிறார், விடி பேஸ் கிடார், சிட்டி டிரம்ஸ். மூவரும் ஹிஜாப் அணிந்தே மேடை ஏறுகிறார்கள். இவர்களுக்கும் எதிர்ப்பு இருந்தது, மிரட்டல்களும் வந்தன. அதற்குப் பதிலாக இவர்கள் எழுதிய ஒரு பாட்டின் தலைப்பே, இசைக்க அனுமதி தா என்று இறைவனிடம் கேட்பதுதான். 2024 ஜூனில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி இசை விழாவில் வாசித்தார்கள். அந்த விழாவில் மேடை ஏறிய முதல் இந்தோனேசியக் குழு இவர்கள்தான்.

இரண்டு கதைகளிலும் மூன்று பெண்கள், ஏறக்குறைய அதே வயது, அதே எதிர்ப்பு. முடிவு மட்டும் வேறு. ஒரு காரணத்தால் மட்டும் அப்படி ஆகிவிடாது. ஊரின் அரசியல் சூழலும் வேறு வேறு. ஆனால், காருட் பெண்களுக்குப் பள்ளியிலேயே ஒரு ஆசிரியர் கிடைத்தார். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இருந்தவர். அவர்தான் அவர்களிடம் ராக் பாட்டுகளைக் கேட்கக் கொடுத்தார், வாத்தியங்களைத் தொட வைத்தார், பிறகு குழுவையும் வழிநடத்தினார். ஊர் பேசத் தொடங்கியபோது, பிள்ளைகளுக்கு அருகில் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அந்த ஒரு ஆள் இருப்பதும் இல்லாததும் நிறையவே வித்தியாசம் செய்யும்.

தமிழ்ப் பெயர்கள் இல்லையா?

உண்டு. தஞ்சாவூரில் பிறந்து வாரணாசியில் வளர்ந்த கமலா சங்கர், கிடாரில் ஹிந்துஸ்தானி இசையை வாசிப்பவர். மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்லைடு கிடாரை இந்திய ராகங்களுக்கு ஏற்றபடி மாற்றி, 'சங்கர் கிடார்' என்று தனி வாத்தியத்தையே உருவாக்கினார். ராக் இல்லைதான். ஆனால், கையில் கிடைத்த கிடார் தனக்குச் சரிப்படவில்லை என்றால் கிடாரையே மாற்று என்று காட்டிய தமிழ்ப் பெண்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு நேரடியாக ஒரு உறவும் இருக்கிறது. பரமக்குடி கமல்ஹாசனின் மகள் ஸ்ருதிஹாசன், நடிக்க வருவதற்கு முன்பே இசையில் இறங்கியவர். கலிஃபோர்னியாவில் இசை படித்தார், 'தி எக்ஸ்ட்ராமென்டல்ஸ்' என்ற ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவில் பாடினார், 'உன்னைப்போல் ஒருவன்' (2009) படத்துக்கு இசையமைத்தார். பரமக்குடி ரத்தம் ராக் பாடும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனால், பரமக்குடியில் இருந்தபடியே பாட முடியுமா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அவர் வளர்ந்த வீடும் போன வழியும் எல்லாருக்கும் கிடைப்பது அல்ல.

எல்லாருக்கும் கிடைக்கக்கூடிய வழிக்கு உதாரணம் வேண்டுமென்றால் இசைவாணி. வட சென்னைப் பெண். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் முதல் முறை மேடை ஏறியபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் நின்ற ஒரே பெண் அவர். கானாவும் ராக்கும் ராப்பும் கலந்த இசை. ஆண்களின் சொத்தாக இருந்த கானாவைப் பாடியதற்காக 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சென்னையில் பிறந்த மாற்று இசைக்கு, அந்த ஊர்த் தெருவின் வாசனையே பலமாக இருந்தது. ராமேஸ்வரத்தில் ஒரு ராக் குழு பிறந்தால் அதில் ஆங்கிலம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கரைவலை இழுக்கும் பாட்டும், எல்லை தாண்டியதாகச் சிறைப்பட்ட அப்பாவுக்காகக் காத்திருக்கும் வீட்டின் கோபமும் போதும். ராக் இசைக்குத் தேவையான கோபம் இந்தக் கரையில் குறைவு இல்லை.

பேஸ் கிடாரில் மும்பையின் மோஹினி டே. 1996-ல் பிறந்தவர். அப்பாவும் பேஸ் கிடார் கலைஞர். மகளின் சின்னக் கைக்கு ஏற்ற மாதிரி சின்னதாக ஒரு கிடாரைச் செய்து கொடுத்தார். ஏ.ஆர்.ரஹ்மானின் மேடைகளில் தமிழ் ரசிகர்கள் இவரைப் பார்த்திருக்கிறார்கள். இங்கேயும் ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்பதைக் கவனிக்கலாம்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

தடையெல்லாம் மனசில் மட்டும் இல்லை. பஸ் டைமிலும் இருக்கிறது.

ஒரு குழு என்றால் வாரத்துக்கு இரண்டு நாளாவது சேர்ந்து வாசிக்க வேண்டும். டிரம்ஸ் வைக்க ஓர் அறை வேண்டும். அந்த அறை பெரும்பாலும் ஒரு பையனின் வீட்டு மொட்டை மாடியாகவோ, மூடிக் கிடக்கும் கடையாகவோதான் இருக்கும். பயிற்சி தொடங்குவதே வேலையும் டியூஷனும் முடிந்து இரவு 7 மணிக்கு. பையன்கள் பைக்கில் வந்து பைக்கில் போய்விடுவார்கள். கிடார் உறையை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பெண்ணை, பஸ் ஸ்டாண்டே பார்க்கும்.

கச்சேரி என்றால் இன்னும் சிக்கல். ராக் கேட்கும் கூட்டமும், அதற்கான மேடைகளும் சென்னையில் இருக்கின்றன. ஐ.ஐ.டி-யின் சாரங் விழாவில் ராக் இரவு உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை, ஏறக்குறைய 600 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். 2022 டிசம்பரில் நின்றுபோன பாம்பன் பாலத்து ரயில், புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரலில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. பாலம் வந்துவிட்டது. மகளை அதில் கிடாரோடு ஏற்றிவிட யார் வருவார்கள் என்பதுதான் பாக்கி.

மாற்றத்துக்கான சின்னச் சின்ன அடையாளங்கள் இல்லாமல் இல்லை. பாம்பனில் 2016 முதல் 'கடல் ஓசை' 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்குகிறது. கடலின் நிலவரமும் காற்றின் வேகமும் சொல்லும் அந்த மைக்கின் முன்னால், மீனவர் குடும்பத்துப் பெண்களும் உட்காருகிறார்கள். பெண்ணின் குரல் ஊருக்கே ஒலிபெருக்கியில் கேட்பது இந்தக் கரைக்குப் பழகிவிட்டது. குரலுக்குப் பழகியவர்களுக்குக் கிடாருக்குப் பழகுவது கஷ்டமா என்ன?

வெளியுலகமும் நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புதிதாகக் கிடார் வாங்குபவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று ஃபெண்டர் கிடார் நிறுவனம் 2018-ல் எடுத்த ஆய்வு சொன்னது. யூடியூப் பார்த்து வீட்டுக்குள்ளேயே கற்றுக்கொள்ள முடிவதால், 'எங்க போற, யாரோட போற?' என்ற கேள்விகளைத் தாண்டாமலே ஒரு பெண் இன்று 'எஃப்' கார்டைத் தாண்டிவிடலாம். ஆனால், அறைக்குள் கற்றுக்கொண்டு அறைக்குள்ளேயே வாசிப்பதற்குப் பெயர் கச்சேரி இல்லை. எதிரில் ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களாக முதலில் வர வேண்டியவர்கள் தூரத்தில் இல்லை. பயிற்சி முடியும்வரை மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கும் ஓர் அப்பா. பெண்ணும் வாசிக்க வரும் அளவுக்குப் பயிற்சி நேரத்தை 4 மணிக்கு மாற்றிக்கொள்ளும் பையன்கள். பூசையில் வாசித்த பிள்ளைக்கு ஆண்டு விழாவில் 10 நிமிடம் ஒதுக்கும் ஒரு டீச்சர். "மருதாணி வலக்கைக்கு மட்டும் வச்சுக்க, இடக்கை உன் இஷ்டம்" என்று சொல்லும் ஓர் அம்மா. இதற்கெல்லாம் அரசாணை தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம் கலையும். கீபோர்டை மூடுவார்கள், மைக் வயரைச் சுருட்டுவார்கள். ஓரமாக உட்கார்ந்து ஒரு பெண் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துக்கொண்டிருப்பாள், உப்பு ஏறாமல். அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தக் கிடார் உறைக்குள்தான் இருக்க வேண்டுமா என்பதை அவள் மட்டும் முடிவு செய்ய முடியாது. அன்று காலை அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போன பாட்டிக்கும் அதில் பங்கு இருக்கிறது.